செயலாளரின் ஆண்டறிக்கை - 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பெற்றோரே, எங்கள் பல்வைத்தியர்களே, விடுமுறையில் வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்தப் பொதுக்கூட்டம் நவம்பர் கடைசியில் நடந்திருக்க வேண்டியது. மழையும் வெள்ளமும் வந்து உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்திய கிழமை அது. பிறகு மார்கழி, தை என்று தள்ளித் தள்ளி மார்ச்சுக்கு வந்துவிட்டோம். அதனால் இந்த வருடத்துச் சங்கதிகளும் கொஞ்சம் உள்ளே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய அங்கத்தவர்களுக்காகச் சங்கத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ். பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978 முதல் இருக்கிறது. பல் மருத்துவ பீடம் இல்லை. 1943 இல் கொழும்பில் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி 1954 இல் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைக்கு மாறியது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் போகிறார்கள். ஏ9 வீதி முழுவதும், 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு பஸ்ஸில் முழங்கால் மடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். றெயில் என்றால் பொல்காவலையில் இறங்கி மாற வேண்டும். இப்படிப் போய் வருகிற பிள்ளைகள் நல்லாயிருக்க வேண்டும் என்பதற்காகப் பெற்றோரும் ஊரிலுள்ள பல்வைத்தியர்களும் சேர்ந்து நடத்துவதுதான் இந்தச் சங்கம்.

“நல்லாயிருத்தல்” என்றால் என்ன என்று சித்திரையில் நிர்வாகக் குழுவில் ஒரு வாக்குவாதம் வந்தது. ஊக்கப்பேச்சாளர் ஒருவரைக் கூப்பிடுவோம் என்றார் ஓர் அங்கத்தவர். முதலில் பிள்ளைகளைக் கேட்போம் என்றார்கள் மற்றவர்கள். கேட்டோம். அவர்கள் மனச்சோர்வு, உளநலம் என்றெல்லாம் தொடங்கவில்லை. “அன்ரி, பேஷன்ற் வரேல்லை” என்றுதான் தொடங்கினார்கள்.

பல் மருத்துவ மாணவர் புத்தகத்தைப் பாடமாக்கிப் பாஸ் பண்ண முடியாது. இத்தனை பல் அடைத்தல், இத்தனை பிடுங்கல், இத்தனை முழுப்பல் செற் என்று கணக்கு இருக்கிறது. அதை உயிருள்ள ஆட்களின் வாயிலே செய்து, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முழுப்பல் செற் ஒன்றுக்கு ஆள் குறைந்தது ஐந்து தரம் வர வேண்டும்: முதல் அச்சு, இரண்டாவது அச்சு, மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தும் அளவு, மெழுகில் வைத்துப் பார்ப்பது, கடைசியில் கொடுப்பது. மூன்றாம் தரத்தோடு ஆள் வராமல் விட்டால் பிள்ளையின் வேலை அந்தரத்தில் நிற்கும். படிப்பில் குறையில்லை, கையில் குறையில்லை, ஆனாலும் கையெழுத்து இல்லை. மற்றப் பீடத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தலையிடி கிடையாது.

எங்கள் மாணவி ஒருத்தி சொந்தப் பெரியம்மாவையே வடமராட்சியிலிருந்து கூட்டிக்கொண்டு போனாள். பெரியம்மா ஐந்து தரமும் போனார். ஒவ்வொரு தரமும் பருத்தித்துறை வடைப் பார்சலோடு போனார், தன்னால் கடிக்க முடியாத வடை. கடைசி நாள் பல்லைப் போட்டுக்கொண்டு, அந்தப் போதனா வைத்தியசாலை வாசலிலேயே ஒரு வடையைக் கடித்துக் காட்டினாராம். புதுப் பல்லோடு முதல் நாளே வடை கடிக்கக் கூடாது என்பது வைத்தியர்களின் அபிப்பிராயம். அதை அவருக்குச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

எல்லோருக்கும் அப்படியொரு பெரியம்மா இல்லை. அங்கே கதிரையில் வந்து இருப்பவர்களில் அநேகர் சிங்களம் பேசுபவர்கள். பாடம் ஆங்கிலத்தில், நோயாளி சிங்களத்தில், பிள்ளை தமிழில். ஆனியிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் பேச்சுச் சிங்கள வகுப்பு நடத்தினோம். இலக்கணம் இல்லை. முதல் வசனம் “கட்ட அரின்ன”, வாயைத் திறவுங்கோ. இரண்டாவது “ரிதெனவாத?”, நோகுதா? நோவு எப்படிப்பட்டது, குத்துகிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா, குளிர் பட்டால் மட்டும் கூசுகிறதா என்று கேட்டு விளங்கத் தெரிந்தால் நோய் பாதி பிடிபட்டுவிடும். இந்த வருடத்து வேலைகளில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது இந்த வகுப்புத்தான். படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு சதமும் வாங்கவில்லை.

கழுத்து, முதுகு நோவு பற்றிய பயிற்சி ஆவணியில் நடந்தது. மூன்றாம் வருடத்திலேயே தோள்மூட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மேல்வாய்ப் பல்லைச் சின்னக் கண்ணாடியில் பார்த்து வேலை செய்யப் பழக வேண்டும். பழகாதவர் கண்ணாடியை விட்டுவிட்டுத் தன் கழுத்தைத் திருப்புவார். எங்கள் இயன்மருத்துவர் மண்டபத்துச் சாய்மனைக் கதிரையில் தலைவரையே நோயாளியாகப் படுக்க வைத்து, நோயாளியின் வாய் வேலை செய்பவரின் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும் என்று காட்டினார். தலைவர் பத்து நிமிடத்தில் நித்திரை. பயிற்சி தடையின்றி நடந்தது.

ஆய்வுகூடப் பயிற்சிக்குப் பிடுங்கிய பற்கள் தேவை. ஊர்ப் பல்வைத்தியர்கள் போமலினில் போட்டு, போத்தலில் சேர்த்துத் தந்தார்கள். அப்படி ஒரு ஜாம் போத்தல், பஸ்ஸில் அனுப்ப வைத்திருந்த பார்சலில், எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது. மூடியைத் திறந்து மணந்து பார்த்த தாய் யாரென்று பலரும் கேட்டீர்கள். அது நான்தான். இனி எல்லாப் போத்தலிலும் லேபல் ஒட்ட வேண்டும் என்பது குழுவின் தீர்மானம்.

மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் பணிப்புறக்கணிப்பு யூலை வரை இழுபட்டது. வீட்டுக்கு வந்த பிள்ளைகள் முதற் கிழமை சந்தோசம், இரண்டாம் கிழமை நித்திரை, அதன் பிறகு முகட்டைப் பார்த்துக்கொண்டு படுக்கை. அந்த நாட்களில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவத்தை ஒரு கூட்டத்தில் கொடுத்தோம். கடந்த இரண்டு கிழமையாக மனம் மகிழ்ச்சியாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உடம்பு சுறுசுறுப்பாக இருந்ததா, எழும்பும்போது களைப்பாறிய மாதிரி இருந்ததா, நாளாந்தம் பிடித்த விடயங்கள் இருந்தனவா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை. நாலாவது கேள்வியில் மண்டபமே சிரித்தது. படிவங்களை நாங்கள் சேகரிக்கவில்லை. புள்ளி அவரவருக்கு. பெற்றோருக்குக் காட்ட வேண்டாம் என்றும் சொன்னோம். அதற்காக இரண்டு தகப்பன்மார் என்னோடு கோபித்தார்கள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஒரு தம்பி மட்டும் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனான்: “வீட்டை ஒருத்தரும் என்ன படிக்கிறாய் எண்டு கேக்கேல்லை. ஏன் மெடிசின் கிடைக்கேல்லை எண்டுதான் கேக்கினம்.”

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளி (Z-score) சிறு தசமத்தில் தவறிப் பல் மருத்துவம் கிடைத்த பிள்ளையை, அதன் பின்னர் ஐந்து வருடமும் அந்தத் தசமத்தாலேயே அளக்கிறோம். கலியாண வீட்டில் “டொக்டரோ?” என்று மலர்கிற முகம், “ஓ, பல்லு டொக்டரோ” என்று சுருங்குகிறது. ஊரில் நடந்த ஒரு பாராட்டு விழாவில் மருத்துவ பீடத்துக்குப் போனவர்களுக்குப் பெரிய கேடயம், எங்கள் பிள்ளைகளுக்குச் சின்னது. நான் முன்வரிசையில் இருந்து கை தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு மகள் ஒன்றும் சொல்லவில்லை; கேடயத்தை அலுமாரிக்கு மேலே, பார்வைக்குப் படாத இடத்தில் வைத்தாள். அன்று நான் எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஏற்பாட்டாளர்களுக்குப் பிறகு கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை.

பகிடிவதை பற்றி: 1997 இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறுவருடம் பகிடிவதையைத் தடுக்கும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது என்று பெற்றோர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. முதல் வருடப் பிள்ளை திடீரென்று போன் எடுப்பதைக் குறைத்தால், குற்றஞ்சாட்டாமல் சங்கத்துக்குச் சொல்லுங்கள். இரவில் மனம் தாங்காவிட்டால் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எடுக்கலாம். அந்த இலக்கத்தை அட்டையில் அச்சிட்டுக் கொடுத்துள்ளோம்.

உதவிப் பணம் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. விபரம் பொருளாளரின் கணக்கறிக்கையில். 5000 ரூபாவாக இருந்த மகாபொல மாணவர் உதவித்தொகையை 7500 ஆக்குவதாகக் கடந்த மாத வரவுசெலவுத் திட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் காரணமாகக் காட்டிச் சந்தாவைக் குறைக்க வேண்டாம் என்று பொருளாளர் சொல்லச் சொன்னார்.

செய்ய முடியாமற் போனவை இரண்டு. கண்டியில் ஒரு தங்குமிடம் பார்க்கும் முயற்சி வாடகைப் பேச்சிலேயே முறிந்தது. பட்டம் முடித்து அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கான சந்திப்பை மூன்று தரம் திகதி வைத்து மூன்று தரமும் ஒத்திவைத்தோம், பிழை என்னுடையது.

மண்டபம் தந்தவர்களுக்கும், பார்சல்களைக் கவனமாகக் கொண்டுபோன பஸ் நடத்துநர்களுக்கும், அந்தப் பெரியம்மாவுக்கும் நன்றி. சிங்கள வகுப்பு அடுத்த ஞாயிறு மீண்டும் தொடங்குகிறது. முன்வரிசையில் இடம் இருக்கிறது. இந்த அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம், மார்ச் 2025