செர்பன்டைன் ரோடு: நீலகிரி ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

நீலகிரிப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன தேர்வில் 'செர்பன்டைன் ரோடு' என்பதற்குத் தமிழில் பொருள் கேட்டிருந்தார்கள். 'வளைந்து நெளிந்து போகும் ரோடு' என்று என் மகள் எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையில் அடித்து, 'பாம்பு போன்ற' என்று திருத்தியிருந்தார்கள். சரியாக எழுதிய பிள்ளை தான் எழுதியது தப்பு என்று நம்பிவிட்டாள். அதுதான் என் வருத்தம்.

லத்தீனில் 'செர்பெரே' என்றால் ஊர்ந்து போவது. ஊர்ந்து போகிற உயிர் 'செர்பென்ஸ்', அதாவது பாம்பு. அதிலிருந்து பிறந்த சொல்தான் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'செர்பன்டைன்' ஆனது. சமஸ்கிருத சர்ப்பமும் இதற்குச் சொந்தம்தான். அங்கேயும் வேருக்குப் பொருள் ஊர்தலே. பாம்பு, பல்லிகளை ஆராயும் ஹெர்பெட்டாலஜியின் பெயரும் ஊர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாமும் அவற்றை ஊர்வன என்றுதானே சொல்கிறோம்? பிள்ளைகள் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்த சொல் அது. ஆக, பாம்புக்கு அந்தப் பெயர் வந்ததே அதன் நடையால்தான். ரோட்டுக்கோ ஆற்றுக்கோ சொல்லும்போது அந்த நெளிவுதான் பொருள்.

செர்பன்டைன் என்று பச்சை நிறப் பாறை ஒன்றும் உண்டு. பாம்புத் தோல் மாதிரி திட்டுத்திட்டாக இருப்பதால் வந்த பெயர். அங்கே 'பாம்பு போன்ற' சரி.

இதைச் சொல்லித்தர நம் மலையை விடத் தோதான இடம் ஏது? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் போகும் 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள். கல்லாறு தாண்டினால் நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தைப் பற்சக்கரம் கவ்விப் பிடிக்க, எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, ரயில் மெல்ல ஏறும். வளைவில் கடைசிப் பெட்டியின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், முன்னால் போகும் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்புவது தெரியும். ஊர்தலும் நெளிதலும் சேர்ந்தே கண்ணுக்குக் கிடைக்கும். மசினகுடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் போதும்.

இந்தச் சொல் அடுத்து வரும்போது ஊர்வனவிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம், 'வளைந்து நெளிந்து' என்று எழுதும் பிள்ளைக்கு முழு மார்க் போடுங்கள். விடைக்குறிப்பிலும் அதைச் சேர்த்துவிடுங்கள். தாளைத் திருத்துபவர் வேறு ஆசிரியராக இருந்தாலும் பிள்ளைக்கு மார்க் போகாது.

அன்புடன்,
ஒரு மாணவியின் அப்பா,
குன்னூர்