ராதிகா வென்றது ஸ்காபரோ-றூஜ் றிவர் தொகுதியில்

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாத் தமிழரின் அரசியல் பற்றிப் போன வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், ராதிகா சிற்சபைஈசன் டொரோண்டோவின் ஸ்காபரோ வடக்கு நாடாளுமன்றத் தொகுதியில் வென்றதாக இருந்தது. அது தவறு. 2011 மே 2ஆம் திகதி அவர் வென்றது ஸ்காபரோ-றூஜ் றிவரில். ஸ்காபரோ வடக்கில் அவர் நின்றது 2015இல். அந்த முறை தோற்றுப்போனார்.

2011இல் றூஜ் றிவர் தொகுதிக்குள் இருந்த மோல்வனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அம்மாவோடு வரிசையில் நின்றேன். வாக்குச்சீட்டில் ராதிகாவின் பெயரைக் கண்டதும் அம்மா பென்சிலை வைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தாராம். அப்புறம்தான் புள்ளடி போட்டாராம். தமிழர் ஒருவர் ஒட்டாவா நாடாளுமன்றத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. அந்தத் தொகுதியின் பெயரைப் பிழையாக எழுதினால் மனம் கேட்கவில்லை.

1987ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தில் பிறந்த தொகுதி அது. ஸ்காபரோவின் வடகிழக்கு மூலை. வடக்கே ஸ்டீல்ஸ் அவென்யூ, அதைத் தாண்டினால் மார்க்கம் நகரம். தெற்கே பெரும்பாலும் 401 நெடுஞ்சாலை. மோல்வனும் மில்லிகனும் அதற்குள்தான். மேற்குப் பக்கம் கடைகளும் நெருக்கமான வீடுகளும். கிழக்கே போகப்போக றூஜ் ஆறும் மரங்களும். பிரெஞ்சில் றூஜ் என்றால் சிவப்பு. ஆற்றங்கரைச் செம்மண்ணால் வந்த பெயர் என்பார்கள்.

1988 முதல் 2008 வரை ஏழு தேர்தல்களிலும் அங்கே வென்றவர் லிபரல் கட்சியின் டெரெக் லீ. 2011இல் அவர் போட்டியிடவில்லை. அவ்வளவு காலம் லிபரல் வசம் இருந்த இடத்தைத்தான் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) வேட்பாளராக ராதிகா பிடித்தார்.

பிறகு நாடாளுமன்ற இடங்கள் 308இலிருந்து 338 ஆகக் கூடின. எல்லைகளை மாற்றியபோது, 2015 தேர்தலோடு எங்கள் தொகுதி இல்லாமல் போனது. ஒரு பங்கு ஸ்காபரோ வடக்குக்கும் மறு பங்கு ஸ்காபரோ-றூஜ் பார்க்குக்கும் போயின. மோல்வனே இரண்டாகப் பிரிந்தது. ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத் தொகுதிக்கு மட்டும் பழைய பெயர் 2018 வரை இருந்ததால் குழப்பம் இன்னும் கூடியது. இன்னொரு தமிழரான ஹரி ஆனந்தசங்கரி 2015இல் வென்ற றூஜ் பார்க்கும் 2025இல் ஸ்காபரோ-கில்ட்வுட்-றூஜ் பார்க் ஆகிவிட்டது. பத்து வருடத்தில் இத்தனை பெயர் மாறினால் பிள்ளைகள் எதை நினைவில் வைப்பார்கள்?

அம்மாவின் 2011 வாக்காளர் அட்டை இப்போதும் என்னிடம் இருக்கிறது. தொகுதிப் பெயர் அதில் தெளிவாக இருக்கிறது. கேட்டால் படம் எடுத்து அனுப்புகிறேன், திருத்தத்தோடு சேர்த்துப் போடுங்கள்.

மோல்வன் வாசகி
ஸ்காபரோ