ஈராசிரியர் பள்ளிகளும் கற்றல் அடைவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை, கழித்தல் கணக்கு வரவில்லை என்று ஓர் ஆய்வறிக்கை வெளியாகும்போதெல்லாம் ஆசிரியர்கள் மீதே பழி விழுகிறது. அப்பள்ளிகளில் எத்தனை பேர் பாடம் நடத்துகிறார்கள் என்பதையும் அறிக்கையில் சேர்த்து அச்சிடுவது நியாயமாக இருக்கும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது. அந்தக் குறைந்தபட்சமே நடைமுறையில் உச்சவரம்பாகிவிட்டது. முப்பது பேருக்கு ஒருவர் என்பது கோப்பில் தாராளமாகத் தெரியலாம். ஆனால் ஒருவர் ஒன்று முதல் மூன்று வகுப்புகளையும் மற்றவர் நான்கையும் ஐந்தையும் தத்தம் அறையில் வைத்துக்கொண்டு, அத்தனை பாடங்களையும் நடத்தி, கல்வித் துறையின் இணையத் தகவல் தளமான எமிஸ் பதிவுகளையும் முடிக்க வேண்டியிருக்கிறது. அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' நல்ல திட்டமே. எனினும் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கவனிக்க ஒருவருக்கு நேரம் எங்கே இருக்கிறது? இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ மருத்துவ விடுப்பிலோ போய்விட்டால், அன்று ஐந்து வகுப்புகளும் ஒரே அறைக்குள் வந்துவிடுகின்றன.

இப்பள்ளிகளுக்கு வருவோர் பெரும்பாலும் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தை பிறந்ததும் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விடும் பிள்ளை, திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தனியாகக் கற்பிக்கப்பட வேண்டியவர். வசதியுள்ள வீடுகளில் அதைச் செய்யத் தனிப்பயிற்சி இருக்கிறது. இங்கே பள்ளியை விட்டால் வேறு ஆளில்லை.

பள்ளி மானியமும் தலை எண்ணியே தரப்படுகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.10,000, 31 முதல் 100 பேர் வரை என்றால் ரூ.25,000. குழாய் உடைவதும் மின்விசிறி நிற்பதும் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்தா நடக்கின்றன?

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டபோது, பள்ளி சிறியதா பெரியதா என்று அரசு பார்க்கவில்லை. ஆசிரியர் நியமனத்திலும் அதே அணுகுமுறை வேண்டும். ஐந்து வகுப்புகளும் இயங்கும் பள்ளி எதுவாயினும், எண்ணிக்கையைப் பாராமல் மூன்று ஆசிரியர்களை அனுமதிக்க வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கக் காலம் பிடிக்குமெனில், விடுப்பு நாள்களை ஈடுசெய்ய ஒன்றியத்துக்கு இரண்டு பதிலி ஆசிரியர்களையாவது வட்டாரக் கல்வி அலுவலர் பொறுப்பில் வரும் ஜூன் மாதத்துக்குள் நியமிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.