எல்லோரும் ஒரே தூரம் போகவில்லை: ட்ரையத்லான் நடத்திய நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்: போட்டியில் பங்கேற்ற 14 பேர் (பெயர், சட்டையில் குத்திய போட்டி எண் பட்டியல் இணைப்பில்)
பெறுநர்: நிர்வாக இயக்குநர், போட்டி ஏற்பாட்டு நிறுவனம், சென்னை
பொருள்: ஸ்பிரின்ட் ட்ரையத்லான் – தூரக் குளறுபடி, சைக்கிள் சேதம், முடிவுகளைத் திருத்தக் கோருதல்

ஐயா / அம்மா,

கடந்த ஞாயிறன்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நீங்கள் நடத்திய ஸ்பிரின்ட் ட்ரையத்லானுக்குத் தலைக்கு 3,500 ரூபாய் கட்டினோம். 750 மீட்டர் கடல் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் என்று ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றில் ஓட்டம் மட்டும்தான் எல்லோருக்கும் ஒரே தூரமாக இருந்தது. எங்கள் முதல் புகார் இதுதான், மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடி.

நீச்சலில் கடைசித் திருப்ப மிதவையை ஒரே ஒரு மணல் மூட்டையில் கட்டியிருந்தார்கள். 25 கிலோ மணல் மூட்டை தண்ணீருக்குள் சுமார் 15 கிலோ எடைதான் காட்டும். ஆளுயரக் காற்றடைத்த மிதவையை நீரோட்டமும் காற்றும் சேர்ந்து இழுக்கும்போது அந்த எடை தாங்காது. இந்தக் கரையில் தெண்டி, வன்னி என்று மீனவர்கள் பெயர் சொல்லிப் பிரிக்கும் அளவுக்கு நீரோட்டம் உண்டு. மிதவை மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. போட்டியாளர்களை நீங்கள் பிரித்த மூன்று அணிகள் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் கடலில் இறங்கின. கையில் கட்டிய ஜிபிஎஸ் கடிகாரம் ஒவ்வொரு வீச்சிலும் நீருக்குள் போய் சிக்னல் இழக்கும் என்பதால் அதை நாங்கள் ஆதாரமாகக் காட்டவில்லை. நீச்சல் தொப்பிக்குள் வைத்திருந்த மூன்று கடிகாரங்களின் பதிவை மட்டும் இணைத்திருக்கிறோம். முதல் அணியில் 790 மீட்டர், இரண்டாவதில் 880, மூன்றாவதில் 985. அப்படியிருந்தும் மூன்று அணிகளையும் ஒரே தரவரிசையில் போட்டுப் பதக்கம் கொடுத்துவிட்டீர்கள். கடைசி அணியில் நீந்தியவருக்கு நான்கைந்து நிமிடம் அநியாயமாகப் போயிற்று.

இதைத் தடுக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மிதவைக்கு இரண்டு நங்கூரம், நீரோட்டத்தின் போக்கில் முன்னும் பின்னுமாக. மணல் மூட்டைக்குப் பதில் கடலடி மண்ணில் கொக்கி போடும் இரும்பு நங்கூரம், அதோடு இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி. கயிறு தளர்வாக இருந்தாலே மிதவை வட்டமடிக்கும் என்பதால் ஆழத்தைப் பார்த்து நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். அணிக்கு அணி ஒருமுறை ஃபைபர் படகில் போய் ஜிபிஎஸ் புள்ளியைச் சரிபார்த்தால் போதும். அன்று காவலுக்கு வந்த மீனவர்கள் தங்கள் வேலையை மிக நன்றாகச் செய்தார்கள். அவர்களிடம் கேட்டிருந்தாலே மிதவை நகர்வதைச் சொல்லியிருப்பார்கள். ஒரு அணிக்குக் கடல்நீல நிறத்தில் தொப்பி கொடுத்தது பெரிய தவறு. அலைக்கு நடுவே அந்தத் தலை தெரியாது. ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள், ரோஸ் ஆகியவைதான் கடலுக்கு.

சைக்கிள் பகுதி 5 கிலோமீட்டராக நான்கு சுற்று. காலில் கட்டிய நேரச் சிப்பைப் பதிவு செய்யும் தரைப் பாய், சைக்கிளை எடுக்கவும் திரும்ப வைக்கவும் உள்ள ட்ரான்சிஷன் இடத்தின் வாசலில் மட்டும்தான் இருந்தது. எதிர்முனைத் திருப்பத்தில் ஒரு தன்னார்வலர் பேனாவும் தாளுமாக நின்றார். இருநூறு பேர் மாறிமாறி வரும் இடத்தில் எவராலும் அப்படி எண்ண முடியாது, அவரைக் குறை சொல்லவில்லை. விளைவு உங்கள் முடிவுப் பட்டியலிலேயே இருக்கிறது. நீச்சலிலும் ஓட்டத்திலும் நடுவரிசையில் இருக்கும் நால்வர் சைக்கிளை 27 நிமிடத்தில் முடித்ததாகப் போட்டிருக்கிறீர்கள். 20 கிலோமீட்டருக்கு அது மணிக்கு 44 கிலோமீட்டர் வேகம். மூன்று சுற்றுதான் போனார்கள் என்றால் 33. எது நடந்திருக்கும் என்பது சைக்கிள் ஓட்டும் எவருக்கும் தெரியும். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மூச்சு வாங்கும்போது சுற்றெண்ணிக்கை தப்புவது இயல்பு, அதற்காகத்தான் திருப்பத்தில் இரண்டாவது பாய் வைப்பது. சிப்பை இடது கணுக்காலில் கட்டச் சொன்னது சரியான அறிவுரை. வலப்பக்கம் செயின் ஓடுகிறது.

அதே திருப்பத்தில் கடற்காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் படிந்திருந்தது. 25 மில்லிமீட்டர் டயரில் சாய்ந்து திரும்பும்போது மணலில் முன்சக்கரம் வழுக்கினால் பிடிக்கவே முடியாது. இருவர் விழுந்தார்கள். தொடங்குமுன் துடைப்பத்தால் பெருக்கி, மணல் எச்சரிக்கைப் பலகை ஒன்றும் வைத்திருக்கலாம்.

ட்ரான்சிஷனில் சைக்கிளைத் தொங்கவிட இரும்புக் குழாய்க்குப் பதில் சவுக்குக் கம்பம் கட்டியிருந்தீர்கள். சீட்டின் மூக்கு கொக்கிபோல மாட்டி நிற்க மெல்லிய, வழுவழுப்பான குழாய் வேண்டும். தடித்த கம்பத்தில் சீட்டு மேலோட்டமாகத்தான் உட்காரும். ஒரு கட்டு அவிழ்ந்து கம்பம் சரிய, ஒன்பது சைக்கிள்கள் வலப்பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அதில் ஐந்தில் பின் டிரெய்லியரை (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கியர் பகுதி) தாங்கும் ஹேங்கர் வளைந்தது. வெளியே பார்த்தால் தெரியாத சேதம் இது. ஆனால் ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டிரெய்லியர் ஆரக்கம்பிக்குள் போய்ச் சக்கரத்தையே முறித்துவிடக்கூடும். ஐந்து பேரின் பழுதுபார்ப்பு ரசீதுகளை இணைத்திருக்கிறோம்.

காலை 5.45 என்று அறிவித்துவிட்டு 7.20க்குத்தான் தொடங்கினீர்கள். ஓட்டத்தின் இரண்டாம் பாதி முழு வெயிலில் போயிற்று. தண்ணீர் ஒரே இடத்தில், அதுவும் மூடி திறக்காத பாட்டிலில்.

நாங்கள் கேட்பது: தரவரிசையை அணிவாரியாகப் பிரித்துத் திருத்தி வெளியிடுங்கள். சுற்று உறுதியாகாதவர்களின் நேரத்தை நீக்கி, அவர்களுக்கும் விளக்கம் அனுப்புங்கள். ஹேங்கர் செலவை முழுமையாகவும், பதிவுக் கட்டணத்தில் பாதியை எல்லோருக்கும் திருப்பிக் கொடுங்கள். அடுத்த போட்டிக்குப் பதிவு திறக்குமுன் மிதவை, பாய், ஸ்டாண்டு ஆகியவற்றுக்கு என்ன ஏற்பாடு என்பதை எழுத்தில் தாருங்கள். அன்று வந்தவர்களில் பலருக்கு இதுதான் முதல் கடல் நீச்சல், முதல் ட்ரையத்லான். திசை பிடிக்கவும் சுற்று எண்ணவும் பழகாத அவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடுகள் அதிகம் தேவை.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வோம். பிறகு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
பங்கேற்பாளர்கள் 14 பேர்

இணைப்பு: கட்டண ரசீதுகள், மூன்று ஜிபிஎஸ் பதிவுகள், முடிவுப் பட்டியல் நகல், ஹேங்கர் பழுதுபார்ப்பு ரசீதுகள் 5, சரிந்த கம்பத்தின் படங்கள்