வியாபாரிகள் சங்கம்: 2020ஆம் ஆண்டுக்கான செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் வியாபாரச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு வரை செயலாளர் அறிக்கை என்றால் ஒன்றரைப் பக்கம். பிளாஸ்டிக் பை சோதனை, லைசென்ஸ் புதுப்பிப்பு, தீபாவளிக்குத் தெருவில் சீரியல் விளக்கு கட்டியது, அவ்வளவுதான். வாசித்து முடிப்பதற்குள் டீ வந்துவிடும். இந்த ஆண்டு டீ ஆறிப்போனாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கொரோனாப் பயத்தில் பிப்ரவரி முதல் மே வரை நம் கடைவாசல்களில் நடந்ததைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன். வியாபாரிகள் பதுக்கினார்கள் என்று தெருவில் பேசினார்கள். ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நம்மில் பலர் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. அதை மினிட் புத்தகத்தில் ஏற்றிவைக்க வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதினேன்.

முதலில் அடிபட்டவர்கள் நம் மெடிக்கல் கடை உறுப்பினர்களும் கோழிக்கறிக் கடை உறுப்பினர்களும். ஜனவரி 30ஆம் தேதி கேரளாவில், வூகானிலிருந்து திரும்பிய மாணவிக்குத் தொற்று என்று செய்தி வந்தது. மறுநாளே மாஸ்க் கேட்டு ஆள் வர ஆரம்பித்தது. அதுவரை பெட்டி பெட்டியாகத் தூசி படிந்து கிடந்த சரக்கு, ஒரே வாரத்தில் மொத்தக் கடையிலேயே இல்லை என்றார்கள். கிடைத்ததும் யானை விலை. மார்ச் 13ஆம் தேதி மத்திய அரசு மாஸ்க்கையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் ஆக்கியது. 21ஆம் தேதி விலையும் நிர்ணயித்தது: மூன்று அடுக்கு மாஸ்க் 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய். நல்ல காரியம். ஆனால் அதற்கு முன்பே அதைவிட அதிகம் கொடுத்து வாங்கி வைத்திருந்தவர் என்ன செய்வார்? நம் உறுப்பினர் ஒருவர் கொள்முதல் பில்லை என் மேசையில் போட்டு, "நஷ்டத்துக்கு விக்கணுமா, இல்லேன்னு சொல்லணுமா, நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் "மாஸ்க் இல்லை" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார். பார்த்தவர்கள் பதுக்கல் என்றார்கள்.

கோழிக்கு வந்தது வேறு விதமான வினை. கோழி தின்றால் கொரோனா வரும் என்று யாரோ போட்ட வாட்ஸ்அப் செய்தியில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கறிக்கோழி விலை பாதாளத்துக்குப் போனது, நாமக்கல் முட்டையும் கூடவே விழுந்தது. மட்டன் விலை ஏறியது. மீன் கடையில் கூட்டம். பயம் ஒரு கடையை மூடும்போது அடுத்த கடையைத் திறந்துவிடுகிறது என்பதை அப்போதே பார்த்தோம், ஆனால் நம் முறை வரும் என்று மளிகைக்காரர்கள் யாரும் நினைக்கவில்லை.

தமிழ்நாட்டில் முதல் நோயாளி மார்ச் 7ஆம் தேதி, ஓமனிலிருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரர். மார்ச் நடுவில் பள்ளிக்கூடம், தியேட்டர், மால் எல்லாம் மூடச் சொன்னார்கள். அப்போதும் நம் கடைகளில் வியாபாரம் வழக்கம்போலத்தான் இருந்தது. 19ஆம் தேதி இரவு பிரதமர் டிவியில் வந்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருங்கள், பொருளை வாங்கிக் குவிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். வாங்கிக் குவிக்கலாம் என்ற யோசனையே நம் வாடிக்கையாளர் பலருக்கு அந்த நிமிடத்தில்தான் வந்தது என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் பதினைந்து பேர்.

மளிகைக் கடை நடத்துபவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் வெளியில் யாருக்கும் தெரியவில்லை. நம் கடையில் மாதச் சாமான் போவது ஒன்றாம் தேதி முதல் பத்தாம் தேதி வரை. அதற்கான சரக்கை 28, 29 தேதிகளில்தான் இறக்குவோம். இருபதாம் தேதிக்கு மேல் மூட்டைகள் அடிதட்டியிருக்கும், அது எப்போதும் உள்ளதுதான். ஊரடங்குப் பயம் வந்ததோ சரியாக அந்த வாரத்தில். சம்பளம் வராத வாரம், சரக்கு வராத வாரம். ஒன்றாம் தேதி வாங்க வேண்டிய ஏப்ரல் சாமானை 23, 24 தேதிகளிலேயே கேட்டார்கள். பணம் இருந்தவர்கள் வாங்கினார்கள். தினக்கூலிக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அன்றாடம் வாங்கும் கால் கிலோ அரிசிக்காக மூன்று கடை ஏறி இறங்கினார்கள். செங்குன்றத்தில் அரிசி மூட்டை அடுக்கி இருந்தது, விருதுநகரில் பருப்பு இருந்தது. நம் தெருவுக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் அடியில் நாலு படி மட்டும் கிடக்கும் மூட்டையைப் பார்ப்பவருக்குச் செங்குன்றத்து அரிசியா கண்ணுக்குத் தெரியும்?

வெளிநாட்டில் டாய்லெட் பேப்பருக்கு அடித்துக்கொண்டார்கள் என்று செய்தியில் பார்த்துச் சிரித்தோம். நம் தெருவில் துவரம் பருப்பும் ரவையும். ரவை ஏன் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. அதன்பின் டெட்டால் சோப்பு, பிஸ்கட், மஞ்சள் தூள். மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலை கட்டாத வாசலே இல்லை என்பதால் மஞ்சளுக்காவது காரணம் புரிந்தது.

24ஆம் தேதி மாலை 6 மணி முதல் 144 என்று மாநில அரசு முந்தைய நாளே அறிவித்திருந்தது. ஊருக்குப் போக கோயம்பேடு பேருந்து நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. நம் கடைப் பையன்களில் பெரும்பாலோர் தென்மாவட்டத்துப் பிள்ளைகள், அந்தக் கூட்டத்தோடு அவர்களும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அந்த வயதில் பஸ் ஏறியிருப்பேன். அன்று இரவு 8 மணிக்கு 21 நாள் நாடு முழுவதும் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தபோது, கல்லாவில் நான், தராசில் என் சம்சாரம், பொட்டலம் கட்ட பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் வீட்டில் இருந்த மகன். இப்படித்தான் பல கடைகள் ஓடின.

கடை நேரத்தைப் பற்றிச் சங்கத்தின் கருத்தைப் பதிவு செய்கிறேன். மார்ச் 29 முதல் காலை 6 மணியிலிருந்து பிற்பகல் 2.30 வரை என்றார்கள். ஏப்ரல் 5 முதல் 1 மணி வரை என்று குறைத்தார்கள். எண்ணம் நல்லது. ஆனால் நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறைவதில்லை, அதே கூட்டம் சின்ன வாசல் வழியாக நுழைகிறது. இதை மனுவாக எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை.

இப்போது ஏப்ரல் 25ஆம் தேதிக்கு வருகிறேன். முந்தைய நாள் வெள்ளிக்கிழமை முதலமைச்சர் அறிவித்தார்: சென்னை, கோவை, மதுரையில் 26ஆம் தேதி காலை 6 மணி முதல் 29ஆம் தேதி இரவு 9 மணி வரை முழு ஊரடங்கு. மளிகைக் கடையும் கிடையாது. நான்கே நாள்தான். ஆனால் வாங்குவதற்கு இருந்ததோ சனிக்கிழமை ஒரு பொழுது. ஒரு மணி வரை இருந்த நேரத்தைக் கூட்டம் பார்த்து 3 மணி வரை நீட்டினார்கள், அந்தச் செய்தியும் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை.

காலை ஆறரைக்கு என் கடை வரிசை டிரான்ஸ்பார்மரைத் தாண்டிவிட்டது. நாம் சுண்ணாம்பில் போட்ட வட்டங்கள் பதினெட்டு. எட்டு மணிக்கு ஒரு வட்டத்தில் மூன்று பேர் நின்றார்கள். வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, காசை மஞ்சள் தண்ணீர்ப் பாத்திரத்தில் போடச் சொல்லி, சீட்டை வாங்கிச் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கு எந்தச் சாமானும் ஒரு கிலோவுக்கு மேல் இல்லை என்பது செயற்குழு முடிவு. பத்தரை மணிக்கு ஒரு பாட்டி கால் கிலோ பருப்பு கேட்டார். பின்னால் நின்றவர் "பாட்டி, ஒரு கிலோ வாங்கிக்கோ, இனிமே கிடைக்காது" என்றார். பாட்டி இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டு, "காலே போதும், நான் ஒருத்திதானே" என்றார்.

பதினொரு மணிக்கு நான் செய்த தவறை இங்கே ஒளிக்கப் போவதில்லை. உள்ளே பருப்பு மூட்டை தட்டத் தொடங்கியது. களைப்பில் மகனிடம், "இருக்கிறவரைக்கும்தான்டா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர் காதில் அது விழுந்தது. அவர் திரும்பிப் பின்னால் சொன்னார். கயிறு அறுந்தது. வட்டம், சீட்டு, ஒரு கிலோ எல்லாம் போய்விட்டது. கல்லாப்பெட்டி மேல் கைகள். அந்தப் பாட்டி தூணைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றதுதான் என் கண்ணில் நிற்கிறது. ரோந்து வந்த காவலர் இருவர் ஒழுங்குபடுத்த இருபது நிமிடம் ஆயிற்று. இத்தனைக்கும் பின்கட்டில் இன்னும் இரண்டு மூட்டை பருப்பு பிரிக்காமல் இருந்தது. அதை இழுத்து வாசலில் போட்ட பிறகுதான் சத்தம் அடங்கியது. இந்த வேலையைக் காலையிலேயே செய்திருக்க வேண்டும். அன்றிலிருந்து என் கடையில் சரக்கை உள்ளே அடுக்குவதில்லை, வாசலிலேயே தெரிகிற மாதிரி வைக்கிறேன். வரிசையில் நிற்பவர் மூட்டையைப் பார்த்தால் ஒரு கிலோவோடு போகிறார்.

நம் தெரு இப்படி என்றால் கோயம்பேடு எப்படி இருந்திருக்கும்? அன்று அங்கே காய் வாங்கக் குவிந்த கூட்டத்தைப் படத்தில் பார்த்தபோதே வயிறு கலங்கியது. தொற்றுப் பரவல் அதற்கு முன்பே அங்கே தொடங்கியிருக்கலாம், அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மே மாதத்தில் கோயம்பேடு தொடர்பான தொற்று மற்ற மாவட்டங்களிலும் பரவி ஆயிரக்கணக்கில் போனது. மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். வணிகர் தினத்தன்று, நமக்கு மாநாடும் இல்லை, சந்தையும் இல்லை. மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். மழை பெய்தால் சேற்றில் மூட்டை. காய்கறி உறுப்பினர்கள் அங்கே போய்வந்த ஆட்டோ வாடகையை வைத்துத்தான் தக்காளி விலையைப் போட முடிந்தது. செப்டம்பர் கடைசியில்தான் கோயம்பேடு காய்கறி மொத்தச் சந்தை மீண்டும் திறந்தது.

விலை பற்றிய புகார்கள். சங்கத்துக்கு வந்த புகாரில் பெரும்பகுதி பருப்பும் எண்ணெயும். நாம் விலை ஏற்றவில்லை என்று மொத்தமாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இரண்டு கடைகளில் ஏற்றினார்கள், செயற்குழு கூப்பிட்டுக் கேட்டது, ஒருவர் குறைத்தார், ஒருவர் சந்தாவை நிறுத்திக்கொண்டார். மற்றவர்களுக்கு வாங்கும் இடத்திலேயே விலை கூடியிருந்தது. ஒரு மொத்த வியாபாரி, பருப்பு வேண்டும் என்றால் போகாத எண்ணெய் பத்துப் பெட்டி கட்டாயம் எடுக்க வேண்டும், கையில் ரொக்கம் வேண்டும் என்றார். முப்பது வருடப் பழக்கம், பற்று வைக்க முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அப்போதுதான் தலைவர் ஒரு யோசனை சொன்னார்: கொள்முதல் பில்லை அப்படியே ஷட்டரில் ஒட்டிவிடுங்கள். பலர் முணுமுணுத்தார்கள், லாபத்தை ஊருக்குக் காட்டுவதா என்று. ஒட்டியவர் கடையில் சண்டை குறைந்தது. ஒருவர் பில்லைப் படித்துவிட்டு, "இவ்வளவுதானா அண்ணாச்சி உங்களுக்கு?" என்று கேட்டாராம்.

ஜூனில் ஒரு கூத்து. மார்ச்சில் வாங்கிக் குவித்த ரவையில் வண்டு விழுந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லி எடுத்து வந்தார்கள். நம் உறுப்பினர்கள் வாசலில் நடந்த வாக்குவாதத்தை எழுதினால் தனி அறிக்கை ஆகும். மாற்றித் தர வேண்டியதில்லை, சலித்து வறுத்து வைத்தால் உபயோகிக்கலாம் என்று சொல்லி அனுப்புவது என முடிவானது.

அந்த மாதமே சாத்தான்குளத்தில் கடை நேரம் சம்பந்தமாகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தை ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ் இருவரும் இறந்த செய்தி வந்தது. செல்போன் கடைக்காரர்கள். இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, கடைகளில் கறுப்புக் கொடி ஏற்றினோம். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

மற்றவை. லைசென்ஸ் புதுப்பிப்பு முகாம் நடத்த முடியவில்லை. தீபாவளிக்கு விளக்கு கட்டவில்லை, அந்தத் தொகை கடை திறக்க முடியாமல் போன டீக்கடை, சலூன் உறுப்பினர்களுக்கு அரிசிப் பையாகக் கொடுக்கப்பட்டது. உறுப்பினர் இருவரைத் தொற்றுக்குப் பறிகொடுத்தோம், கூட்டத் தொடக்கத்தில் எழுந்து நின்று மௌனம் காத்தது அவர்களுக்காகத்தான்.

கடைசியாகப் பற்று நோட்டு. ஊரடங்கு மாதங்களில் வேலையில்லாதவர்களுக்குக் கடன் கொடுத்த உறுப்பினர்கள் பலர், வராக்கடன் எவ்வளவு என்று சங்கத்தில் தெரிவிக்கக் கேட்டிருந்தோம். பாதிப் பேர்தான் கணக்குக் கொடுத்தீர்கள். மீதிப் பேர் இந்த மாத இறுதிக்குள் கொடுக்கவும். என் நோட்டில் அந்தக் கால் கிலோ பருப்புப் பாட்டியின் பெயரும் இருந்தது, நெரிசலில் காசு வாங்க மறந்து நான் எழுதி வைத்தது. மே மாதம் அவரே வந்து அடைத்துவிட்டுப் போனார்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.

செயலாளர்