கல் கொடுத்த ஊரில் ஸ்தபதிக்கு ஒரு கல்

அம்பாசமுத்திரம் நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் அம்பையில் பிறந்தவன். பிழைப்பு இப்போது பாளையங்கோட்டையில். வள்ளுவர் சிலையைச் செய்த கணபதி ஸ்தபதிக்கும் அதற்குக் கல் உடைத்தவர்களுக்கும் நம் ஊரில் ஒரு நினைவுக் கல் கேட்கவே இதை எழுதுகிறேன்.

கன்னியாகுமரிக் கடலில் நிற்கிற 133 அடி வள்ளுவர் சிலைக்கு ஏறக்குறைய 7,000 டன் கல் ஆனது. அதில் சுமார் 5,000 டன் அம்பாசமுத்திரத்துக் கல். இங்கேயே பட்டறை போட்டுச் செதுக்கவும் செய்தார்கள். என் மகளுக்கு இது போன மாதம்தான் தெரியும். நான் சொல்லாமல் விட்டது என் தப்பு. ஆனால் ஊரிலும் இதைச் சொல்ல ஓர் அடையாளம் இல்லையே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

தெரிந்தது எப்படி என்றால், என் சித்தப்பாவையும் மகளையும் குமரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். சித்தப்பா அந்தக் காலத்தில் கல் குவாரியில் வேலை பார்த்தவர். விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்குப் போகிற 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் எல்லோரும் காலுக்குக் கீழே தெரிகிற கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கேயும் நிற்கவில்லை. நேரே பீடத்துச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தார். பிறகு விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். "நம்ம ஊர்க் கல்லுலே இது" என்றார். கண் கலங்கியிருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பாறையில் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்களாம். அடிக்க அடிக்கச் சத்தம் மாறுமாம். அந்தச் சத்தம் கேட்டதும் கையை நிறுத்திவிட்டால் கல் தானாக விரிந்து கொடுக்குமாம். தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிற கல்லைத்தான் எடுப்பார்கள். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் ஓடுகிறது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இப்படி வந்த கல்லையெல்லாம் வள்ளுவராக எழுப்பி நிறுத்தியவர் கணபதி ஸ்தபதி. 1927இல் பிள்ளையார்பட்டி ஸ்தபதி குடும்பத்தில் பிறந்தவர், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். சென்னை வள்ளுவர் கோட்டமும் அவர் கைவண்ணம்தான். குறளின் அமைப்பையே அவர் அளவாக்கினார். பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். மேலே சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும். இடுப்பை லேசாக வளைத்து நிற்கிற அவ்வளவு உயரக் கற்சிலை, அதுவும் உள்ளே வெற்றிடம். 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். 2004இல் சுனாமி வந்து மோதியது. சிலை அப்படியே நின்றது. ஸ்தபதி 2011இல் காலமானார்.

நெல்லையிலிருந்து பாளைக்குத் தினமும் ஆற்றைக் கடக்கிறோம். 1843இல் கட்டிய அந்தப் பாலத்துக்குப் பணம் கொடுத்த சுலோசன முதலியாரை ஊர் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறது. கிருஷ்ணாபுரம் கோயிலில் இருக்கிற அந்தக் குறத்தி சிலையைச் செதுக்கியவர் யார்? நமக்குத் தெரியாது. நகக்கண் வரை செதுக்கிய கைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் அல்லவா? வள்ளுவர் சிலையைச் செய்தவர்களுக்காவது அப்படி ஆகிவிடக் கூடாது.

அதனால் கேட்கிறேன். அம்பைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே, ஆற்றுப் பாலத்துப் பக்கம் மருத மர நிழலில் ஓர் இடம் ஒதுக்குங்கள். சிமென்ட்டில் மார்பளவு சிலை வேண்டாம். நம் ஊர்க் கல் ஒன்று போதும். ஒரு பக்கம் ஆப்புக் குழித் தடம் அப்படியே இருக்கட்டும், மறுபக்கத்தை மட்டும் இழைத்து ஸ்தபதியின் பெயரையும் இந்தச் செய்தியையும் வெட்டுங்கள். அதன் கீழே இங்கே கல் உடைத்தவர்கள், செதுக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள் பெயர்கள். வீடு வீடாகக் கேட்டால் இன்னும் கிடைக்கும். அந்த வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். திறந்துவைப்பவர்களின் பெயரை வேறொரு சிறு பலகையில் போட்டுக்கொள்ளலாம்.

கல் தேர்ந்தெடுக்கிற நாளில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். சித்தப்பாவைக் கூட்டி வருகிறேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, ஆனால் தட்டிப் பார்த்தால் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
அம்பைக்காரன் ஒருவன்