குடும்ப அறக்கட்டளை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் பெரிய மச்சான் அவர்களுக்கும், பொருளாளர் அத்தை அவர்களுக்கும், வந்திருக்கும் அறங்காவலர்களுக்கும், வழக்கம்போல் வர முடியாமல் போன அறங்காவலர்களுக்கும் வணக்கம்.

ஆட்சிக்குழு நான்கு முறை கூடியிருக்க வேண்டும். இரண்டு முறை கூடியது. ஒரு முறை போதிய உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் கலைந்தது. ஒரு முறை கூட்டம் இருப்பதே பலருக்கும் மறந்துவிட்டது. கல்வி உதவித்தொகை உரிய காலத்தில் வழங்கப்பட்டது. மருத்துவ முகாம் நடந்தது. மரக்கன்று நடும் விழாவும் நடந்தது. அதற்கு எல்லோரும் வந்திருந்தீர்கள், படங்களும் நன்றாக வந்திருக்கின்றன.

இனி, இந்த ஆண்டு உருப்படியாக நடந்த வேலைக்கு வருகிறேன். மாமா இந்த அறக்கட்டளையைத் தொடங்கிய நாளிலிருந்து நாம் கொடுத்ததையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பெஞ்சு, பீரோ, தண்ணீர்த் தொட்டி, கணினி. அதாவது, 'உபயம்' என்று எழுத இடமிருக்கும் பொருளாகப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறோம். கேட்டவர்களோ பெரும்பாலும் வேறொன்றைக் கேட்டிருக்கிறார்கள்: சம்பளம், வாடகை, கணக்கு எழுத ஓர் ஆள். அதற்கெல்லாம் கொடுக்கும் வழக்கமில்லை என்று கோப்பில் குறிப்பு இருக்கிறது. அப்படி ஒரு தீர்மானம் எப்போது போட்டோம் என்று தேடினேன், கிடைக்கவில்லை.

சதுப்புநிலத்தைக் காக்கும் குழு ஒன்று அனுப்பிய விண்ணப்பத்தை அறங்காவலர்கள் நேரம் கிடைத்தால் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். நம் படிவத்தில் 'எதிர்பார்க்கும் தாக்கம்' என்று ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் 'பின்தாள் பார்க்க' என்று எழுதிவிட்டு, கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றைக் குண்டூசியால் சேர்த்திருந்தார்கள். மாதவாரியாக நீர்மட்டம், எந்த வாய்க்கால் வழியாகக் கழிவுநீர் வருகிறது, தண்ணீரின் நிறம், யார் போய்ப் பார்த்தது என எல்லாம் அதில் இருந்தது. கடைசி நான்கு மாதக் கட்டங்கள் மட்டும் காலி. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: 'ஆள் நின்றுவிட்டார். சம்பளம் இல்லை.' இவர்களுக்கு நாம் முந்தைய ஆண்டு இரண்டு பெஞ்சுகள் கொடுத்திருக்கிறோம்.

அந்த ஆளின் இரண்டு ஆண்டுச் சம்பளத்தை அறக்கட்டளை ஏற்கலாம் என்று முன்மொழிந்தேன். பெயர் போட இடமில்லையே என்று ஒருவர் கேட்டார். பணத்தைத் தின்றுவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். சம்பளம் என்பதே தின்பதற்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சபை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை. அமெரிக்கக் கோடீஸ்வரர் மெக்கன்சி ஸ்காட்டின் உதாரணத்தைத்தான் சொன்னேன். தம் சொத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடப்போவதாக 2019-இல் உறுதி எடுத்தவர் அவர். பெரும்பாலும் நிபந்தனை போடாமல்தான் கொடுக்கிறார். சம்பளத்துக்கா, வாடகைக்கா என்பதைப் பெறுகிறவர்களே முடிவு செய்கிறார்கள். "அவரிடம் கொட்டிக் கிடக்கிறது, கொடுக்கிறார்" என்றார் தலைவர். இருக்கட்டும். கொடுக்கும் தொகைக்குத்தான் பெரிய சொத்து வேண்டும், கொடுக்கும் முறைக்கு வேண்டாமே.

கடைசியில் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். நீல டிக் எல்லோருக்கும் வந்தது. பதில் அத்தையிடமிருந்து மட்டும் வந்தது. மறுப்புச் சொல்லாதவர்கள் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டு தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. குறிப்பேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். இப்போது அந்தத் தாளில் காலிக் கட்டம் இல்லை. அந்தக் கணக்கை வைத்து மனுக் கொடுத்து ஒரு வாய்க்காலை அடைக்கவும் வைத்துவிட்டார்கள். ஆட்சிக்குழு இதைக் கவனித்ததா என்று தெரியாததால் இங்கே பதிவு செய்கிறேன்.

படிவத்தையும் ஒரே பக்கமாகக் குறைத்திருக்கிறேன்.

மற்ற குடும்பங்கள் அறக்கட்டளையை எப்படி நடத்துகின்றன என்று படித்துப் பேசுவதற்காக ஒரு சிறு வாசிப்பு வட்டமும் தொடங்கினேன். வந்தவர்கள் குறைவு. முதல் அமர்வு அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் சகோதரர்கள் நிதியம் பற்றி. ஐந்து சகோதரர்கள் சேர்ந்து 1940-இல் தொடங்கிய நிதியம் அது. குடும்பத்துச் செல்வமே தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியில் வந்த எண்ணெய்ப் பணம். அந்த நிதியமே 2014-இல் நிலக்கரி, எண்ணெய் முதலீடுகளிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தது. ஒரு கையால் சுற்றுச்சூழலுக்குக் கொடுத்துக்கொண்டு, மறு கையால் அதைக் கெடுக்கும் தொழிலில் ஈவுத்தொகை வாங்குவது சரியா என்பதுதான் அவர்கள் முன் இருந்த கேள்வி. மாமா வாங்கி வைத்த பங்குகளில் ஒன்றிரண்டு எந்தத் தொழிலைச் சேர்ந்தவை என்று நானும் கேட்டிருந்தேன். பதில் இன்னும் வரவில்லை. அந்தத் தொழிற்சாலைக் கழிவு எந்த வாய்க்காலில் போகிறது என்பது அடுத்த கேள்வி. அதை இப்போதைக்குக் கேட்கவில்லை.

கணக்கு விஷயம். வரவு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்றுக் கூடுதல். வித்தியாசத்தை வைப்புநிதி வட்டி சமாளித்துக்கொண்டது. அத்தை கைப்பட எழுதிய பேரேட்டைத் தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். விவரம் வேண்டியவர்கள் அத்தையைக் கேட்கலாம். பிற்பகலில் கேட்க வேண்டாம்.

வரவு ஏன் குறைந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. ஆண்டுதோறும் பங்களிப்புத் தருவதாக ஒவ்வொருவரும் மாமா முன்னிலையில் ஒப்புக்கொண்டோம். அவர் இருந்தவரை வந்தது. இப்போது, "வட்டி வருகிறதே, அது போதாதா" என்கிறார்கள். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5% ஒவ்வோர் ஆண்டும் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். முதலைப் பூட்டி வைத்து வட்டியை எண்ணிக்கொண்டிருந்தால் அங்கே கதை நடக்காது. பாக்கி வைத்திருப்போர் பெயர்களைச் சபையில் படிக்க வேண்டாம் என்று அத்தை சொன்னார். படிக்கவில்லை. பட்டியல் மேசைமேல் இருக்கிறது.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், முகாமுக்கு இடம் தந்தவர்களுக்கும், விழாவுக்கு ஒலிபெருக்கி தந்தவர்களுக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பிள்ளைகளில் யாரும் இதை ஏற்று நடத்துவதாகத் தெரியவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, கூட்டத்துக்கு நாமே வருவதில்லை. எனக்குத் தெரிந்து வழி இரண்டு. ஒன்று, களத்தில் வேலை செய்த வெளியாட்கள் இரண்டு பேரை ஆட்சிக்குழுவில் சேர்ப்பது. இல்லையென்றால், ஒரு தேதி குறித்து எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிடுவது. முடிப்பது கேவலம் ஒன்றுமில்லை. கறுப்பினக் குழந்தைகளுக்காக அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிக் கட்டடங்கள் எழ உதவியவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். தாம் இறந்து 25 ஆண்டுகளுக்குள் நிதியைச் செலவழித்துவிட வேண்டும் என்று விதித்தார். 1932-இல் அவர் இறந்தார், 1948-இல் நிதியத்தை மூடிவிட்டார்கள். இயற்கைப் பாதுகாப்புக்காக லூக் ஹோஃப்மன் 1994-இல் நிறுவிய மாவா அறக்கட்டளையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு 2022-இல் பணியை முடித்துக்கொண்டது. எனக்குப் பிடித்தது முதல் வழிதான். ஆனால் நான் மருமகன். வேலை என் பொறுப்பு, முடிவு உங்களுடையது.

செயலாளர் பதவிக்கான விண்ணப்பப் படிவமும் மேசைமேல், பாக்கிப் பட்டியலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரே பக்கம்தான். யாரும் நிரப்பாவிட்டால் பழைய ஏற்பாடே தொடரும் என்று இந்த முறை எடுத்துக்கொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்